மருந்து விலைக்கு நாடாளுமன்றமே பொறுப்பு

அழைப்பை ஏற்று வந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களே!

முதலில் ஒரு விலைக் கணக்கு. முதுகுத் தண்டுவடத் தசைச் சிதைவு என்று ஒரு நோய். எஸ்.எம்.ஏ. என்று டாக்டர்கள் சொல்வார்கள். பிறவியிலேயே மரபணுவில் வரும் குறை அது. அதன் கடுமையான வகை பிடித்த குழந்தைக்குத் தலை நிற்காது. பிறகு விழுங்க வராது. கடைசியில் மூச்சு விடவும் தெம்பிருக்காது. ரிஸ்டிப்லாம் என்ற மருந்தை ஆயுள் முழுக்கக் கொடுத்துவந்தால் இந்தச் சரிவைப் பெருமளவு தடுக்கலாம். சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் இந்தியாவில் அதற்கு வைத்த விலை, ஒரு குப்பி சுமார் 6 லட்சம் ரூபாய். 2025 அக்டோபரில் ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 15,900 ரூபாய்க்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இடையில் என்ன அதிசயம் நடந்தது? மருந்து மாறவில்லை. மூலப்பொருள் ஒரே நாளில் மலிந்துவிடவில்லை. ரோஷ் கேட்ட தடையுத்தரவைத் தர டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஏற்கெனவே காப்புரிமை பெற்ற சேர்மங்களைத் தெரிந்தவர் எளிதில் எட்டிவிடக்கூடியதுதானே இது என்ற வாதத்தில் முதல்நோக்கில் வலு இருப்பதாக நீதிமன்றம் கருதியது. இப்படிக் கேள்வி கேட்கும் இடத்தை நீதிபதிகளுக்குக் கொடுத்தது யார்? நாடாளுமன்றம் இயற்றிய காப்புரிமைச் சட்டம். மருந்து விலையைப் பற்றிக் கேட்டால் "அது கம்பெனிக்காரர்கள் விவகாரம்" என்று உறுப்பினர்கள் கையை விரிக்க முடியாது என்பதற்கு இந்த ஒரு குப்பியே சாட்சி.

இது இந்தியக் குழந்தைகளோடு முடிகிற கதையும் இல்லை. ஏழை நாடுகள் பலவற்றுக்குச் சொந்த மருந்தாலை கிடையாது. எய்ட்ஸ் நோய்க்கு அந்த நாடுகளில் விழுங்கப்படும் மாத்திரைகளில் பெரும்பகுதி இந்தியாவில் தயாராவது. டெல்லியில் ஒரு சட்டப் பிரிவு தளர்ந்தாலும் இறுகினாலும் அதன் விலையை மலாவியிலும் மொசாம்பிக்கிலும் இருப்பவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

இந்தச் சட்டத்துக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. விடுதலைக்குப் பிறகும் பல ஆண்டுகள் இந்தியாவில் வெள்ளைக்காரன் காலத்து 1911-ஆம் ஆண்டுச் சட்டம்தான் நடந்துகொண்டிருந்தது. மருந்துச் சந்தை வெளிநாட்டு நிறுவனங்களின் கையில். சில ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு உலகிலேயே அதிக விலை கொடுத்த நாடுகளில் ஒன்று இந்தியா என்று அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே பின்னாளில் சொன்னது. அந்த நிலையை ஆராயும் பொறுப்பு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்காரிடம் வந்தது. 1959-இல் அவர் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1970-இல் சட்டம் பிறந்தது. மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் உண்டு என்றது அது. வேறு முறையில் தயாரித்தால் யாரும் விற்கலாம். இந்திய மருந்தாலைகள் தலையெடுத்தது அதன் பிறகுதான்.

அந்தச் சட்டத்தின் பலன் என்னவென்று உலகம் பார்த்தது 2001-இல். எய்ட்ஸ் கூட்டு மருந்துக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை வைத்திருந்த காலம். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கில் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். மலிவு மருந்தை இறக்குமதி செய்ய வழிசெய்து தென்னாப்பிரிக்கா சட்டம் கொண்டுவந்ததும், 39 மருந்து நிறுவனங்கள் சேர்ந்து அந்த அரசின் மேல் வழக்குப் போட்டன. வழக்கில் எதிர்வாதியாகப் பெயர் இருந்தவர்களில் ஒருவர் நெல்சன் மண்டேலா! அந்தச் சமயத்தில் மும்பையின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீத், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்கு அதே கூட்டு மருந்தைத் தருகிறேன் என்று அறிவித்தார். ஏப்ரல் மாதம் 39 நிறுவனங்களும் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. அதே ஆண்டு நவம்பரில் தோஹாவில் கூடிய உலக வணிக அமைப்பு, பொதுச் சுகாதாரத்தைக் காக்க அரசுகள் நடவடிக்கை எடுப்பதை வணிக ஒப்பந்தம் தடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தது.

ஆனால் அதே உலக வணிக அமைப்பின் கட்டளைப்படி 2005 முதல் இந்தியாவும் மருந்துக்கே காப்புரிமை தர வேண்டியதாயிற்று. அன்றைய நாடாளுமன்றம் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. இடதுசாரிகள் அழுத்தம் கொடுத்தார்கள். மக்கள் இயக்கங்கள் தெருவில் நின்றன. அதனால் சட்டத்தில் வந்து உட்கார்ந்தது 3(டி) பிரிவு. தெரிந்த மருந்துக்கே புது வடிவம் கொடுத்துக்கொண்டு வந்தால், நோய் தீர்க்கும் திறன் கணிசமாகக் கூடியிருந்தால் ஒழியக் காப்புரிமை இல்லை என்பது அதன் சாரம்.

அதற்கு முதல் சோதனை சென்னையில் நடந்தது. 1602/எம்ஏஎஸ்/1998 என்பது அந்தக் கோப்பின் எண். எம்ஏஎஸ் என்றால் மெட்ராஸ். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான க்ளிவெக் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் போட்ட விண்ணப்பம் அது. அப்போது நோவார்ட்டிஸ் மருந்து மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய். இந்திய நிறுவனங்களின் மருந்து பத்தாயிரத்துக்குள். புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் ஒன்று ஆட்சேபித்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. 3(டி) பிரிவே செல்லாது என்று நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் இருவரும் 2007 ஆகஸ்டில் அந்த மனுவைத் தள்ளினார்கள். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் க்ளிவெக் விண்ணப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

நோயாளிகள் கையில் சட்டம் கொடுத்த இன்னொரு ஆயுதம், காப்புரிமை வழங்குமுன்பே ஆட்சேபிக்கும் உரிமை. அதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். நந்திதா வெங்கடேசன் மும்பைக்காரர். ஃபுமேஸா டிசிலே தென்னாப்பிரிக்காவின் கயலிட்ஷாவைச் சேர்ந்தவர். இருவருக்கும் காசநோய் வந்தது. சிகிச்சையில் போட்ட ஊசி மருந்துகளின் பக்கவிளைவால் இருவருக்கும் காது கேட்காமல் போனது. பெடாகுயிலின் என்ற மாத்திரை வந்தபோது, அந்த ஊசிகளை ஓரங்கட்ட வழி பிறந்தது. ஆனால் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம், 2023-இல் முடியவேண்டிய தன் காப்புரிமையை மருந்தின் உப்பு வடிவத்தைக் காட்டி மேலும் நான்கு ஆண்டு நீட்டப் பார்த்தது. இந்த இரு பெண்களும் 2019-இல் மும்பைக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் தாக்கல் செய்தார்கள். 2023 மார்ச்சில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. சில மாதங்களில், உலகுக்குக் காசநோய் மருந்து வாங்கித் தரும் அமைப்பு, ஆறு மாதச் சிகிச்சையின் விலை 289 டாலரிலிருந்து 130 டாலராக இறங்கியதாக அறிவித்தது.

இப்படி உழைத்த உரிமைக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? 2024 மார்ச் 10 அன்று இந்தியா, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஐந்தே நாளில், மார்ச் 15-இல் காப்புரிமை விதிகள் திருத்தப்பட்டன. அதுவரை கட்டணமே இல்லாத ஆட்சேபத்துக்குக் கட்டணம் வந்தது. ஆட்சேபத்தை விசாரணைக்கு எடுப்பதா வேண்டாமா என்று அதிகாரி முதலிலேயே வடிகட்டலாம் என்றும் வந்தது. காப்புரிமை பெற்ற மருந்தை இந்தியாவில் எவ்வளவு விற்றோம் என்று நிறுவனங்கள் ஆண்டுதோறும் காட்டவேண்டிய கணக்கு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்றாகிவிட்டது.

அந்தக் கணக்குக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு நெக்ஸாவர் வழக்கைச் சொல்ல வேண்டும். சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான அந்த மருந்துக்கு பேயர் நிறுவனம் மாதம் 2,80,000 ரூபாய் வாங்கியது. தேவைப்பட்டவர்களில் இரண்டு சதவீதம் பேருக்குத்தான் மருந்து போய்ச் சேர்ந்தது. அதைக் காட்டித்தான் 2012 மார்ச்சில், காப்புரிமைக்காரரின் சம்மதம் இல்லாமலே மருந்தைத் தயாரிக்க விடும் கட்டாய உரிமம் நாட்கோவுக்கு வழங்கப்பட்டது. விலை 8,880 ரூபாயாயிற்று. பேயருக்கும் விற்பனையில் பங்கு உண்டு. அந்த உத்தரவை மறு ஆண்டு சென்னையில் இருந்த மேல்முறையீட்டு வாரியம் உறுதி செய்தபோது, அதன் தலைவர் அதே பிரபா ஸ்ரீதேவன். அதன் பிறகு? பதின்மூன்று ஆண்டுகளைத் தாண்டியும் இந்தியாவில் இரண்டாவது கட்டாய உரிமம் பிறக்கவில்லை. வாள் உறையிலேயே துருப்பிடிக்கிறது.

"கட்டாயம் எதற்கு, நிறுவனங்களே மனமுவந்து உரிமம் தருகின்றனவே" என்பது இப்போது நாகரிகமான வாதம். 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான ஒப்பந்தத்திலும் மருந்து கிடைக்கச் செய்ய விருப்ப உரிமமே உகந்த வழி என்று எழுதியிருக்கிறார்கள். மனமுவந்து கொடுப்பவர் யாருக்குக் கொடுப்பார்? எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க ஆண்டுக்கு இரண்டே ஊசி போதும் என்கிற லெனகாபவிர் மருந்தைப் பாருங்கள். அறிமுகமானபோது அமெரிக்காவில் அதன் விலை ஆண்டுக்கு 28,218 டாலர். அதையே இந்திய நிறுவனங்கள் 2027 முதல் 40 டாலருக்குத் தர முன்வந்திருக்கின்றன. காப்புரிமை வைத்திருக்கும் கிலியட் நிறுவனம் 120 நாடுகளில் விற்க உரிமம் கொடுத்ததால் இது முடிந்தது, பாராட்டலாம். ஆனால் அந்த 120-இல் பிரேசில் இல்லை, அர்ஜென்டினா இல்லை, மெக்சிகோ இல்லை, பெரு இல்லை. இந்த நான்கு நாடுகளிலும் மனிதர்கள் தங்கள் உடம்பைக் கொடுத்து அந்த ஊசியின் சோதனையில் பங்கேற்றார்கள். சோதனைக்கு வேண்டியவர்கள், விற்பனைக்கு வேண்டாதவர்களாகிவிட்டார்கள்.

சர்வதேச விதியில் சலுகை இருக்கிறதே என்றால், அதன் லட்சணம் ருவாண்டாவுக்குத் தெரியும். ஆலை இல்லாத நாட்டுக்குக் கட்டாய உரிமத்தில் மருந்து தயாரித்து அனுப்பலாம் என்று கனடா 2004-இல் சட்டம் போட்டது. ருவாண்டா தன் தேவையை உலக வணிக அமைப்புக்குத் தெரிவித்தது 2007 ஜூலையில். முதல் மாத்திரை போனது 2008 செப்டம்பரில். அத்தனை படிவம், அத்தனை பேச்சுவார்த்தை. அந்த வழியில் அதற்குப் பிறகு மருந்து எந்த நாட்டுக்கும் போய்ச் சேரவில்லை. கோவிட் காலத்திலும் அதே கதைதான். 2020 அக்டோபரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள் என்று கேட்டன. 2022 ஜூனில், தடுப்பூசிக்கு மட்டும் குறுக்கி வெட்டிய ஒரு முடிவு வந்தது. அதற்குள் சுடுகாடுகள் நிரம்பிவிட்டன.

ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். பெடாகுயிலின் ஆராய்ச்சியில் பொதுப் பணம், நிறுவனம் போட்ட பணத்தைவிடக் குறைந்தது ஒன்றரை மடங்கு என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. வரிப்பணத்தில் பாதிக்கு மேல் கட்டிய வீட்டுக்கு வாடகையை மட்டும் ஒருவரே வசூலிப்பது எந்த ஊர் நியாயம்?

மலிவு மருந்து தரமானதா என்றும் கேட்பார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2022-இல் காம்பியாவில் அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் சாவோடு இந்திய இருமல் சிரப்புகள் தொடர்புபடுத்தப்பட்டன. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் கலந்திருந்தது டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு. காப்புரிமை இல்லாததால் வந்த நஞ்சல்ல இது. ஆய்வாளர் போகாத ஆலையிலிருந்து வந்த நஞ்சு. ஏழை நாடுகளுக்கு மருந்து அனுப்புகிறோம் என்று பெருமை பேசும் நாடு, ஒவ்வொரு தொகுதி மருந்தையும் சோதித்து அனுப்பவும் கடமைப்பட்டது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஆளும் ஆய்வகமும் கேட்டு வாங்குவதும் உறுப்பினர்களின் வேலைதான்.

ஆகவே இந்த மேடையிலிருந்து வைக்கப்படும் கோரிக்கைகள் நான்கு.

முதலாவது, 2024 மார்ச் விதிகளைத் திரும்பப் பெற வேண்டும். காப்புரிமைச் சட்டத்தின் 160-ஆவது பிரிவுப்படி அரசு போடும் விதிகள் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும்; அவற்றை மாற்றச் சொல்லும் உரிமை அவைக்கு உண்டு. அந்த உரிமை அலங்காரத்துக்கா?

இரண்டாவது, வணிக ஒப்பந்தங்கள் அமலாகும் முன் அவைக்கு வர வேண்டும். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவோடு போட்ட ஒப்பந்தத்தை நாடாளுமன்றத்தின் முன் 21 அமர்வு நாள் வைத்தாக வேண்டும். அதே ஒப்பந்தத்தை இந்திய நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்து ஒப்புதல் கேட்க வேண்டிய கட்டாயம் இந்திய அரசுக்கு இல்லை. ஒரே காகிதம், லண்டன் உறுப்பினருக்கு ஒரு மரியாதை, சென்னை உறுப்பினருக்கு வேறு மரியாதையா?

மூன்றாவது, மருந்துச் சோதனைத் தரவுகளின் மேல் ஏகபோக உரிமை கேட்டு வரும் எந்த ஷரத்துக்கும் சம்மதிக்கக் கூடாது. காப்புரிமை கிடைக்காத மருந்தையும் பின்வாசல் வழியாகப் பூட்டிவைக்கும் தந்திரம் அது.

நான்காவது, சட்டத்தில் இருப்பதைப் பயன்படுத்த வேண்டும். அரசே காப்புரிமை மருந்தைத் தயாரித்துக்கொள்ள 100-ஆவது பிரிவு இருக்கிறது. ஆலையில்லாத நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யவே 92ஏ பிரிவு இருக்கிறது. எந்தெந்த மருந்துக்கு இவற்றைப் பரிசீலித்தீர்கள், ஏன் தள்ளினீர்கள் என்று அரசிடம் எழுத்தில் பதில் கேளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர் போகிறார்கள். கேள்வி நேரத்துக்கு ஒரு கேள்வி எழுதிக் கொடுக்கக் கட்சித் தலைமையின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் தனிநபர் மசோதாக்களுக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வணிக ஒப்பந்தங்களை அவையில் வைக்கச் சொல்லும் தனிநபர் மசோதா ஒன்றை அடுத்த கூட்டத்தொடரில் கொண்டுவருவோம் என்று, இங்கே அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் இந்த ஒலிபெருக்கி முன்னால் வந்து, கட்சி பேதமில்லாமல், ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.