முன்னாடி ஒரு டயர், பின்னாடி வேற டயர்: போடலாமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக லேசாகத் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கறேன். கேட்டவர் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வெச்சிருக்கார். சென்னையிலிருந்து ஸ்பிதி போகப் போறார். பின் டயர் தேஞ்சு முடிஞ்சிருச்சு, முன் டயர் இன்னும் நல்லா இருக்கு. "பின்னாடி மட்டும் நாபி டயர் போட்டுட்டு, முன்னாடி இருக்கறதை அப்படியே விட்டுடலாமா ப்ரோ?"ன்னு கேட்கிறார்.

முதல்ல ஒண்ணு. 'நாபி'ன்னு தமிழ்ல எழுதினா தொப்புள்னு அர்த்தம் வந்துடுது. நாம 'பட்டன் டயர்'னே சொல்லிக்கலாம். கட்டை கட்டையா, நடுவுல அகலமான இடைவெளியோட இருக்குமே, அதுதான்.

ரெண்டு வகையைக் கலக்கறது தப்பான்னா, இல்லை. கம்பெனியே கலக்குது. ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின்ல முன்னாடி 90/90-21, பின்னாடி 150/70 ஆர் 18. அந்த 'ஆர்'னா ரேடியல். முன்னாடி அந்த எழுத்து இல்லை, அது பயஸ். அதாவது, உள்ளே இருக்கிற இழைகள் ஓடுற திசையே வேற. இந்த வரிசை பழக்கத்துல உள்ளதுதான். முன்னாடி ரேடியல், பின்னாடி பயஸ்னு தலைகீழா மட்டும் நீங்களா முயற்சி பண்ணாதீங்க.

ஆனா நம்ம நண்பர் கேட்கிறது பட்டனைப் பத்தி. அங்கேயும் ஒரு வரிசை இருக்கு, அவர் அதைத் தலைகீழா யோசிக்கிறார். நிறையப் பேர் அப்படித்தான் யோசிக்கிறாங்க. பின் டயர்தான் முதல்ல தேயும், மாத்துற நேரமும் அதுக்குத்தான் முதல்ல வரும். பின்னாலிருந்து பார்த்தா மாஸாவும் இருக்கும், ஒத்துக்கறேன்.

ஜல்லியில பின் சக்கரம் வழுக்கினா என்ன ஆகும்? வால் கொஞ்சம் ஆடும். த்ராட்டிலைச் சீராப் பிடிச்சு, நேரா முன்னாடி பார்த்தா, பெரும்பாலும் தானா நேராகிடும். முன் சக்கரம் வழுக்கினா அந்த அவகாசம் கிடைக்காது. ஹேண்டில் மடங்கினது மூளைக்குத் தெரியறதுக்குள்ள நாம கீழே இருப்போம். சேத்துல பின் சக்கரம் சும்மா சுத்தினா இறங்கித் தள்ளலாம். முன் சக்கரம் போச்சுன்னா பைக்கையும் தூக்கணும், நம்மளையும் யாராவது தூக்கணும்.

அதனாலதான் மண்ரோட்டுல பிடிமானம் முதல்ல முன்னாடி வேணும்னு சொல்றது. பெரிய டூரிங் பைக் ஓட்டுறவங்க முன்னாடி கான்டினென்டல் டிகேசி 80, பின்னாடி ஹைடனாவ் கே60 ஸ்கவுட்னு ஜோடி சேர்க்கறதும் இதே கணக்குதான். கடிக்கிற டயர் முன்னாடி, ரொம்ப நாள் உழைக்கிற டயர் பின்னாடி.

இத்தோட நிறுத்தினா நான் பாதி உண்மைதான் சொன்னதா ஆகும். சென்னையிலிருந்து மணாலி சுமார் 2,700 கிலோமீட்டர். கிட்டத்தட்ட முழுக்கத் தார் ரோடு. அதுக்கு அப்புறம் கிராம்ஃபூ, பாத்தல், குன்சும் கணவாய், லோசர்னு வர்ற கல்லும் ஓடையும் 80 கிலோமீட்டர்தான் இருக்கும். அந்த 80-க்காகப் போட்ட பட்டன், மிச்ச 2,700-லயும் உங்க கூடவே வருது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னாடி சாயும், நிறுத்தற வேலையில பெரும்பங்கு முன் டயருக்குத்தான். பட்டன் டயர்ல தாரைத் தொடுற ரப்பர் கம்மி. கட்டைகள் வளைஞ்சு கொடுக்கும். நாக்பூர் தாண்டி மழையில, முன்னாடி போற லாரி திடீர்னு நின்னா, அந்தக் கூடுதல் சில மீட்டர் எங்கிருந்து வரும்? அதோட, ஈரமான வளைவுல பின் டயர் இன்னும் உறுதியாப் பிடிச்சிருக்கும், முன் டயர் கைவிடப் பார்க்கும். சீட்டுல உட்கார்ந்திருக்கிற நமக்கோ பைக் உறுதியா இருக்கிற மாதிரியே தோணும். இந்த ஜோடியில எனக்குப் பயமே இதுதான்.

அதனால என் பதில் மாசத்தைப் பொறுத்தது. ஜூலை, ஆகஸ்ட்ல கிளம்பினா வழியெல்லாம் மழை. முன் டயரை மாத்த வேண்டாம். கம்பெனி கொடுத்ததே ரெண்டு ரோட்டுக்கும் ஆன டயர், அதுல ஸ்பிதி போயிட்டு வந்தவங்க ஏராளம். செப்டம்பர் பின்பாதின்னா, காசு இருந்தா, முன்னாடி கொஞ்சம் பட்டன் வகை போடுங்க. பின்னாடி ரெண்டு மாசத்துக்குமே ஒரே பதில்தான்: தார் பக்கம் சாய்ஞ்ச டூயல் பர்ப்பஸ் டயர். முழு பட்டன் பின் டயரை நாலுவழிச்சாலை வெயில்ல, லக்கேஜோட தேய்ச்சுக்கிட்டே போறது காசைத் தேய்க்கறதுதான்.

சைஸ் மட்டும் மாத்தாதீங்க. முன்னாடி 90/90-21, பின்னாடி 120/90-17, அவ்வளவுதான். ஏபிஎஸ் ரெண்டு சக்கர வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் வேலை செய்யுது. அழகுக்காகத் தடியான டயரை அந்த ரிம்ல திணிச்சா டயரோட வளைவும் கெடும். வேகக் குறியீடும் பாருங்க. பல பட்டன் டயர்கள் 'கியூ', அதாவது 160 கிலோமீட்டர் வரைக்கும்தான். 411-க்கு அது கவலையே இல்லை, கனவுல கூட அந்த வேகம் போகாது. பெரிய பைக்னா ரெண்டு டயர்ல எது கம்மியோ அதுதான் உங்க வேகம்.

இன்னொரு கலப்படம் இருக்கு, அதை யாரும் கேட்கறதில்லை. ஈசிஆர்ல நேரா ஓட்டி ஓட்டி பின் டயர் நடுவுல தட்டையாகியிருக்கும். அதோட புத்தம்புது முன் டயரைப் போட்டா, ஒரே கம்பெனி, ஒரே மாடலா இருந்தாலும், வளைவுல முன்பக்கம் சட்டுனு விழும், பின்பக்கம் முரண்டு பிடிக்கும். நண்பரோடது இதுக்கு நேர்மாறு: புதுப் பின் டயர், பழைய முன் டயர். அதனால அந்த முன் டயர்ல தேய்மானக் குறியைப் பாருங்க. பக்கவாட்டுல நாலு இலக்கத் தேதியையும் பாருங்க. 2319-னு இருந்தா 2019-ஆம் வருஷத்தோட 23-வது வாரம். பட்டன் ஆழமா இருக்குன்னு ஏமாந்துடாதீங்க, வயசான ரப்பர் இறுகிப் போயிருக்கும். அப்படின்னா மழை மாசமானாலும் மாத்திடுங்க, அதே மாதிரி டயரே போதும்.

கிளம்புற முந்தின நாள் டயர் மாத்தாதீங்க. ரெண்டு வாரம் முன்னாடி மாத்தி, முதல் 150 கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்க. அப்புறம் ஆள் இல்லாத ரோட்டுல, முதல்ல காய்ஞ்ச தார்ல, பிறகு ஈரத்துல, கொஞ்சம் கொஞ்சமா அழுத்தி பிரேக் பிடிச்சுப் பாருங்க. எங்க நிக்குதுன்னு உங்க கைக்குத் தெரியட்டும். லக்கேஜையும் கட்டிக்கிட்டு ஒரு தடவை.

அடுத்த வாரம் செயின் பராமரிப்பு. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள, ப்ளீஸ்.