அஜின்கோர்ட்டின் உறுப்பினரும் இப்பர்வாஷ் காணியும்



2025 பெப்ரவரியில் ஒன்ராறியோ மாகாணத் தேர்தல் நடந்த நாட்களில், எங்கள் கட்டடத்து லிப்ரில் ஒரு வயதான அம்மா என்னிடம் கேட்டார். "தம்பி, எம்.பி. எண்டால் இமிகிறேசன் அலுவல். கவுன்சிலர் எண்டால் குப்பையும் ஸ்நோவும். நடுவிலை இந்த எம்.பி.பி. என்னத்துக்கு?" பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வீட்டு வாடகைச் சட்டம் என்று நான் அடுக்கத் தொடங்கவே அவருடைய மாடி வந்து கதவு திறந்துவிட்டது. அன்று சொல்லி முடிக்காததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

எமது அஜின்கோர்ட் தொகுதியை 1987 இலிருந்து 2011 வரை, 24 வருடங்கள், ஒருவரே மாகாண சட்டசபையில் பிரதிநிதித்துவப்படுத்தினார். அவர் பெயர் ஜெரி பிலிப்ஸ். லிபரல் கட்சி. எங்களில் பலர் அகதிகளாக வந்திறங்கி, ஷெப்பேர்ட்டிலும் பிஞ்ச்சிலும் கெனடி வீதியிலும் வீடு எடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, குடியுரிமை பெற்று முதல் வாக்குப் போட்ட காலமெல்லாம் அவருடைய காலமே. ஆறு தேர்தல்களில் வென்றவர். 1990 இல் என்.டி.பி. அலை அடித்தபோதும், 1995 இல் மைக் ஹரிஸின் கொன்சர்வேட்டிவ் அலை அடித்தபோதும் தொகுதியை விட்டுக்கொடுக்கவில்லை. தொடக்கத்தில் குடியுரிமை அமைச்சராகவும் பின்னர் தொழில் அமைச்சராகவும் இருந்தார். 2003 க்குப் பிறகு அரசாங்க சேவைகள், எரிசக்தி என்று வேறு பொறுப்புகள் வந்தன. இவற்றைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். அவர் அமைச்சராக இல்லாத 13 வருடங்களில், எதிர்க்கட்சி வாங்கில் இருந்தபோது செய்த ஒரு வேலைதான் இன்றைய விடயம்.

அதற்கு நாங்கள் அஜின்கோர்ட்டை விட்டு மேற்கே மூன்று மணி நேரம் அளவில் கார் ஓடி, ஹூரன் ஏரிக்கரைக்குப் போக வேண்டும். அங்கே இப்பர்வாஷ் என்று ஓர் இடம். பக்கத்தில் கெட்டில் பொயின்ற், ஸ்ரோனி பொயின்ற் என்னும் பூர்வீகக் குடிகளின் ஊர்கள். 1942 இல் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, மத்திய அரசு போர்க்காலச் சட்டத்தைப் பயன்படுத்தி ஸ்ரோனி பொயின்ற் மக்களின் காணியில் 2,200 ஏக்கருக்கு மேல் எடுத்து இராணுவ முகாம் அமைத்தது. ஏக்கருக்கு 15 டொலர். சனங்களை எழுப்பிக் கெட்டில் பொயின்றுக்கு அனுப்பினார்கள். போர் முடிய, தேவை இல்லாவிட்டால் காணி திரும்பத் தரப்படும் என்றார்கள். போர் 1945 இல் முடிந்தது. முகாம் எழும்பவில்லை.

கனடாவிலும் ஓர் உயர் பாதுகாப்பு வலயமா என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன். மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறை ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1990 இல் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள் மயிலிட்டித் துறைமுகத்தைக் கண்டது 2017 இல். வலிகாமம் வடக்கில் எல்லாக் காணியும் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை.

முகாமுக்குப் பக்கத்தில், 1936 இல் மாகாண அரசு வாங்கிப் பூங்காவாக்கிய 109 ஏக்கர் நிலமும் முன்பு அந்த மக்களுடையதுதான். அதற்குள் தங்கள் முன்னோரின் இடுகாடு இருக்கிறது, அதைக் காப்பாற்றித் தாருங்கள் என்று 1937 இலேயே ஊர்ச்சபை அரசிடம் கேட்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு 1993 இல் சிலர் முகாம் காணிக்குள் போய்க் குடியிருந்தார்கள். 1995 செப்ரெம்பர் 4 அன்று, கோடைகாலம் முடிந்து பூங்கா பூட்டப்பட்ட பின்னர், அதற்குள்ளும் போனார்கள். செப்ரெம்பர் 6 இரவு மாகாணப் பொலிஸ் கலகம் அடக்கும் உடையோடு இருட்டில் அணிவகுத்து வந்தது. சூடு விழுந்தது. டட்லி ஜோர்ஜ் என்ற 38 வயது மனிதர் இறந்துபோனார். அவரைக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடிய சகோதரனையும் சகோதரியையும் ஆஸ்பத்திரி வாசலிலேயே பொலிஸ் கைது செய்தது.

அந்தச் செப்ரெம்பரில் நாங்கள் எங்கே இருந்தோம்? நான் டவுன்ரவுனில் ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். யூலையில் நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்திருந்தது. அந்த மாதம் 22 ஆம் திகதி நாகர்கோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல் விழுந்தது. அடுத்த மாதக் கடைசியில் யாழ்ப்பாணமே வெளிக்கிட்டது. காதெல்லாம் ரெலிபோனில். இந்த மாகாணத்தில், காணி கேட்ட ஒருவரைப் பொலிஸ் சுட்ட செய்தி எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அது குற்றம் என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் தொகுதி உறுப்பினர் அதை விடவில்லை என்பதைப் பல வருடங்கள் கழித்துத்தான் அறிந்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

1997 இல் நீதிமன்றம் ஒரு முடிவு சொன்னது. டட்லி ஜோர்ஜிடம் துப்பாக்கி இருக்கவில்லை, சுட்ட பொலிஸ் அதிகாரி கெனத் டீனுக்கு அது தெரியும் என்று நீதிபதி தீர்த்தார். டீன் குற்றவாளி. ஆனால் சிறைக்குப் போகவில்லை. சமூகத்தில் இருந்தபடியே அனுபவிக்கும் நிபந்தனைத் தண்டனையும் சமூக சேவையும் மாத்திரம். அத்தோடு விடயம் முடிந்தது என்றே அன்றைய மாகாண அரசு சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால், அந்த இரவு பொலிஸை அவசரப்படுத்தியது யார்? முதல்வர் அலுவலகத்துக்கு அதில் பங்கு உண்டா? அந்தக் கேள்விக்கு ஒரு குற்றவியல் வழக்கில் இடமில்லை.

இங்கேதான் பிலிப்ஸ் வருகிறார். எதிர்க்கட்சி உறுப்பினருக்கு யாருக்கும் கட்டளையிடும் அதிகாரம் இல்லை. அவருக்கு இருப்பது கேள்வி நேரம், தகவல் அறியும் சட்டம், தனிநபர் மசோதா, பிறகு சபையில் பேசுவது ஒவ்வொரு சொல்லும் பதியப்படும் ஹன்சார்ட். இந்த நாலையும் அவர் எட்டு வருடம் பாவித்தார். தகவல் அறியும் சட்டத்தின் மூலம் வெளிவந்த அரசாங்கக் கூட்டக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு சபைக்குப் போவார். இன்ன கூட்டத்தில் முதல்வரின் உதவியாளர் இருந்தாரா, என்ன சொன்னார் என்று கேட்பார். விடயம் நீதிமன்றத்தில் இருக்கிறது, பதில் சொல்ல முடியாது என்று மறுமொழி வரும். மறுபடியும் கேட்பார். இப்பர்வாஷ் பற்றிய உண்மையை அறியப் பகிரங்க விசாரணை வேண்டும் என்று தனிநபர் மசோதாவும் கொண்டுவந்தார். பெரும்பான்மை அரசு விரும்பாத மசோதா நிறைவேறாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. (ஆளுங்கட்சியின் தனிநபர் மசோதாவுக்கு நிலைமை வேறு. விஜய் தணிகாசலம் கொண்டுவந்த தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டம் 2021 மேயில் நிறைவேறியது அப்படித்தான். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.)

அஜின்கோர்ட்டில் இதனால் ஒரு வாக்குக்கூடக் கூடியிருக்காது. இங்கே ஸ்ரோனி பொயின்ற் ஆட்கள் எத்தனை பேர்? வரி, வரவு செலவு பற்றிக் கணக்குக் காட்டிப் பேசும் மனிதர் என்றுதான் அவரைப் பலர் அறிவார்கள். அதே கணக்கப்பிள்ளைக் குணத்தோடு இதையும் செய்தார் என்பது என் எண்ணம். திகதி, கூட்டம், கடதாசி. கோபப் பேச்சு குறைவு.

அவர் தனியாகச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டட்லியின் சகோதரர் சாம் ஜோர்ஜ் முன்னால் நின்றார். முதல்வர் ஹரிஸ் மேல் குடும்பம் சிவில் வழக்குப் போட்டது. விசாரணை வைத்தால் வழக்கை விடுகிறோம் என்பதே அவர்களின் நிலை. 1999 இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, இந்த மரணம் பற்றிக் கனடா முழுமையான பகிரங்க விசாரணை நடத்தவில்லை என்று கண்டித்தது. ஜெனீவா எங்களுக்கு மட்டும் சொந்தமான ஊர் அல்ல, நேயர்களே.

2003 ஒக்ரோபரில் ஆட்சி மாறியது. அடுத்த மாதமே டோல்ரன் மக்கின்ரியின் அரசு விசாரணைக் குழுவை அமைத்தது. நீதிபதி சிட்னி லிண்டன் பொறுப்பேற்றார். சம்பவம் நடந்த இடத்துக்கு அருகில் உள்ள ஃபொறெஸ்ற் என்ற சிறு ஊரில் 2004 முதல் 2006 வரை சாட்சியங்கள் எடுக்கப்பட்டன. முன்னாள் முதல்வரே வந்து சாட்சிக் கூண்டில் இருந்தார். 2007 மே 31 அன்று அறிக்கை வெளிவந்தது.

அதில் எல்லோரும் எதிர்பார்த்தது இருக்கவில்லை. முதல்வர் பொலிஸை உள்ளே போகச் சொல்லிக் கட்டளையிட்டார் என்று லிண்டன் சொல்லவில்லை. ஆனால் அந்த மக்களைப் பூங்காவை விட்டு வெளியேற்ற வேண்டும் என்று கெட்ட வார்த்தையோடு முதல்வர் பேசியதாக அவருடைய சட்டமா அதிபராக இருந்தவரே சாட்சியமளித்தார். ஹரிஸ் மறுத்தார். லிண்டன் சட்டமா அதிபரின் சொல்லை ஏற்றார். அரசியலுக்கும் பொலிஸுக்கும் இடையில் இருக்க வேண்டிய கோடு மங்கிப்போனது, மத்திய அரசு, மாகாண அரசு, பொலிஸ் மூன்றுக்கும் அந்த மரணத்தில் பொறுப்பு உண்டு, பூங்காவை உரியவர்களிடம் கொடுங்கள் என்று எழுதினார். கெனத் டீன் சாட்சி சொல்ல வரவில்லை. 2006 இல் வீதி விபத்தில் இறந்துவிட்டார்.

விசாரணைக் குழு என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு கசப்பு உண்டு. 2006 இல் இலங்கையில் உடலகம ஆணைக்குழு அமைத்தார்கள். திருகோணமலையில் ஐந்து மாணவர்கள், மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள். அறிக்கையை வெளியே காட்டவே 2015 ஆனது. எவரும் தண்டிக்கப்படவில்லை. ஒன்ராறியோவிலும் ஒருவரும் சிறைக்குப் போகவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். வித்தியாசம் நான் கண்ட அளவில் இதுதான்: இங்கே சாட்சி சொன்னவர்கள் பயமில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். அறிக்கை அன்றே எல்லோர் கையிலும் கிடைத்தது. பூங்காவைத் திருப்பிக் கொடுப்பதாக மாகாண அரசு அந்த வருடம் டிசெம்பரிலேயே அறிவித்தது.

பூங்காவைக் கையளிக்கும் உடன்படிக்கை 2009 மே மாத இறுதியில் கையெழுத்தானது. மாகாணத்தின் சார்பில் கையெழுத்திட்ட அமைச்சர் பிராட் டுகிட், அவரும் ஸ்காபரோ உறுப்பினர். அந்த மே மாதம் நாங்கள் எங்கே நின்றோம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கார்டினர் நெடுஞ்சாலையில் நின்ற பிள்ளைகள் இன்று வளர்ந்து பெற்றோராகிவிட்டார்கள். சாம் ஜோர்ஜ் அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு யூன் 3 ஆம் திகதி புற்றுநோயால் காலமானார்.

இராணுவ முகாம் காணிக்கான மத்திய அரசின் உடன்படிக்கை 2016 இல் வந்தது. 1942 இலிருந்து எண்ணினால் 74 வருடம். வெடிக்காத குண்டுகளை மண்ணில் இருந்து தேடி எடுக்கும் வேலை அதன் பிறகும் தொடர்ந்தது.