நரம்பின் கணக்கிலே தோன்றிய யாழ்

நிலாக் காலத்து இரவில், மட்டக்களப்பு வாவியில் தோணியை நிறுத்தித் துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறு நுனியிற் காதை வைத்தால், நரம்பைத் தெறித்தாற் போன்ற ஒலிகள் கேட்கும். பாடும் மீன் என்பர்; ஊரி பாடுகின்றது என்பாரும் உளர். அவ்வழக்கினைத் தீர்க்கச் சுவாமி விபுலாநந்தர் முற்படவில்லை. நீரரமகளிர் பாடுவதாகச் செய்யுள் யாத்துத் தம் யாழ் நூலிலே சேர்த்துக்கொண்டார்.

1892இல் காரைதீவிற் பிறந்த சுவாமிகள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ் ஆராய்ச்சிக்கு அப்பயிற்சியே பெருந்துணையாயிற்று. பழந்தமிழர் யாழ் ஒன்றேனும் எஞ்சவில்லை. எஞ்சியவை சொற்களும் எண்களுமே: பேரியாழுக்கு நரம்பு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7, ஏழிசைக்கு அலகு 22.

இவ்வெண்களிலிருந்து வடிவம் பிறப்பது எங்ஙனம்? ஒரே கனமும் ஒரே இழுவிசையும் உடைய நரம்புகளில், நீளம் குறையச் சுருதி உயரும். குரல் நரம்பு 36 அங்குலமாயின், 9 அலகு மேலுள்ள உழைக்கு 27 அங்குலம், 13 அலகு மேலுள்ள இளிக்கு 24, மேற்குரலுக்கு 18. ஏனையவற்றையும் இவ்வாறே கணித்து வரிசையாக நிறுத்தினால், நரம்புகளின் முனைகள் தாமே ஒரு வளைவினை வரைந்துவிடும். வில்லிலிருந்து யாழ் தோன்றியது என்னும் கொள்கைக்கு இஃது எத்துணைப் பொருத்தம்!

ஆயினும், நரம்பின் கனமும் இழுவிசையும் வேறுபடின் வளைவும் வேறுபடும். எண்கள் ஒரே வடிவத்தைத்தான் தரும் என்று சாதித்தல் இயலாது. ஈராக்கின் ஊர் என்னும் பழம்பதியில் அகழ்ந்த லெனாட் வூலிக்கு, மக்கிய யாழ்மரம் மண்ணில் விட்டுச்சென்ற வெற்றிடமேனும் கிட்டியது. அதனுள் சாந்தை வார்த்து அவர் உருவத்தைப் பெற்றார். சுவாமிகளுக்கோ அதுவும் இல்லை. அமராவதிச் சிற்பங்களில் வில்வடிவ யாழ்கள் உள்ளன. ஆனால் கல்லில் அமைந்த நரம்பு சுருதி சொல்லாது. ஆகவே சுவாமிகளின் யாழை, கிடைத்த கணக்கு இடங்கொடுத்த ஒரு வடிவம் எனக் கொள்வதே நேர்மை. அதனால் அவருழைப்பின் பெருமை குன்றாது. இலக்கியச் சொல்லாய் மட்டும் நின்ற ஒன்றைத் தச்சன் செய்யத்தக்க பொருளாக்கியவர் அவர்.

1947 ஜூன் மாதம், திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ் நூல் அரங்கேறியது. அவர் கணித்தவாறு செய்யப்பெற்ற யாழ்கள் அங்கே ஒலித்தன. அடுத்த மாதம் 19ஆம் நாள் சுவாமிகள் மறைந்தார். கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவில், அவரது சமாதி இருக்கின்றது.