நிமிர்ந்து உட்கார் என்று சொல்லும் முன்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் காலை இறைவணக்கக் கூட்டத்தில் பெயர் சொல்லி அழைத்து, "கூன் போடாமல் நில்" என்றேன். நிமிர்ந்தாள். உறுதிமொழி முடிவதற்குள் தோள்கள் மீண்டும் முன்னே சரிந்துவிட்டன. திமிர் என்று நினைத்தேன். அடுத்த வாரமே அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. வைத்தவர்கள் பிள்ளைகள், எடுத்துக் கொடுத்தவன் நான்.

அவளால் நிமிர முடிந்தது. நிமிர்ந்தபடி இருக்கத்தான் முடியவில்லை. இந்த வேறுபாடு எனக்குப் புரியச் சில ஆண்டுகள் ஆயின. முதுகு, வயிறு, இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளுக்கு வேண்டியது பலம் மட்டுமன்று, நெடுநேரம் தாங்கும் திறன். அது குறைந்த குழந்தை பாடவேளையின் பாதியிலேயே சரிந்துவிடும்.

மூச்சும் இங்கேதான் வந்து சேர்கிறது. மேல்முதுகின் 12 முள்ளெலும்புகளோடு 12 இணை விலா எலும்புகள் இணைந்துள்ளன. முதுகு வளைந்தால் விலாக்கள் விரிய இடம் குறையும். இப்போதே கூனி உட்கார்ந்து ஆழமாக மூச்சிழுத்துப் பாருங்கள். பாதியில் நிற்கிறதா? இன்னொன்று: உதரவிதானம் மூச்சுக்கான தசை மட்டுமன்று, வயிற்றுக்குள் அழுத்தம் தந்து முதுகெலும்பைத் தாங்குவதிலும் அதற்குப் பங்குண்டு. விளையாட்டு வேளை முடிந்து மூச்சு வாங்க வரும் குழந்தையிடம் உடனே நேராக உட்கார் என்றால், ஒரே தசையிடம் இரண்டு வேலை கேட்கிறோம்.

ஆகவே பயிற்சியில் நான் கடிகாரத்தை மட்டும் பார்ப்பதில்லை. முதலில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, வயிற்றில் வைத்த கை மெல்ல எழும்படி மூச்சிழுக்கப் பழக்குகிறேன். பிறகுதான் பிளாங்க். முழங்கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் பிடிக்கச் சொன்னால், பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு முகம் சிவக்க நின்று காட்டுவார்கள். அது மூச்சடக்கும் போட்டி. அதனால் ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டே நிற்க வேண்டும். குரல் நின்றாலோ, இடுப்பு தொய்ந்தாலோ ஆட்டம் முடிந்தது. (கணக்கு ஆசிரியர்கள் எனக்கு நன்றி சொல்லலாம்.) 10 நொடி, மூன்று முறை, வாரத்தில் மூன்று நாள் என்று தொடங்கினால் போதும். பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

எல்லாக் கூனும் பயிற்சியால் சரியாவதில்லை. குப்புறப் படுத்து மார்பைச் சற்றே உயர்த்தும்போது வளைவு மறைந்தால், பெரும்பாலும் அது பழக்கத்தால் வந்தது. மறையாமல் விறைப்பாகவே இருந்தாலோ, வலி இருந்தாலோ, குனியும்போது முதுகின் ஒருபக்கம் மேடாகத் தெரிந்தாலோ மருத்துவரிடம் அனுப்புங்கள். வளரும் வயதில் முள்ளெலும்புகளின் முன்பக்கம் ஆப்புபோல் ஒடுங்கும் ஷூயர்மன் நோய் என்று ஒன்று உண்டு. டென்மார்க் மருத்துவர் ஒருவர் 1920-இல் விவரித்தது. அத்தகைய பிள்ளையை நாம் திட்டி நிமிர்த்த முடியாது.

ஏழு, எட்டாம் வகுப்புப் பெண் குழந்தைகள் பலர் உடல் வளர்ச்சியின் கூச்சத்தால் தோளைக் குறுக்கிக்கொள்கிறார்கள். அவர்களை ஆசிரியை ஒருவர் தனியே பார்க்கட்டும். கூட்டத்தில் வேண்டாம்.

பின்வரிசையில் விரிப்புகள் உள்ளன. வாருங்கள், நாமும் படுத்துப் பார்ப்போம். ஏழாம் வாய்ப்பாடு மறந்தவர்கள் இரண்டாம் வாய்ப்பாடு சொல்லலாம்.