கணக்குநெறிக்குக் காப்புரிமமா?



தரவுகளை ஒத்திசைக்கும் மென்பொருளுக்குக் காப்புரிமம் தரலாமா? கணினியாளர் நடுவில் நெடுநாளாக நிலவும் இவ்வழக்கு நம் இளைஞர் பலரின் பிழைப்பைத் தொடுவது.

முதற்கண் சொல்மயக்கம் களைதல் வேண்டும். எழுதிய வரிகளைப் பிறர் படியெடாமற் காப்பது பதிப்புரிமை. மென்பொருள் வரிகளுக்கு அஃது இந்தியாவில் உண்டு. காப்புரிமமோ செய்முறையையே காப்பது. தாமே முயன்று அதனைக் கண்டவரையும் 20 ஆண்டுக்காலம் தடுக்க வல்லது. ஆகலின் இவ்வேலியை எங்கு நடுவது என்பதில் விழிப்பு வேண்டும்.

ஒத்திசைவு யாது? ஒரு கடையின் இருப்புக் கணக்கு இரு கணினிகளில் உள்ளது. இணைப்பு அறுந்தபோது இரண்டிலும் தனித்தனியே மாற்றம் நிகழ்கிறது. மீண்டும் இணைந்ததும், எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என ஒப்பிட்டு ஒன்றாக்குவதே ஒத்திசைவு. பிந்திய பதிவே நிற்கும் என்பது கணக்குப்பிள்ளையும் அறிந்த ஒழுங்கு. அதற்கு ஒருவர் தனியுரிமை கொண்டாடின், ஏனையோர் கணக்கெழுதுவது எங்ஙனம்?

1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமச் சட்டம், 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கணக்கு முறை, வணிக முறை, தன்னளவிலான கணினி நிரல், படிப்படியான கணக்குநெறி ஆகியவை புத்தாக்கம் ஆகா என்கிறது. ‘தன்னளவிலான’ என்னும் அவ்வொரு சொல்லே வழக்கின் உயிர். 2004இல் நடுவணரசின் ஆணைச்சட்டம் அவ்வேலியைத் தளர்த்த முயன்றது. 2005இல் நாடாளுமன்றம் அதனை ஏற்றிலது. 2019இல் பரீது அல்லானி வழக்கில், நுட்பப் பயன் விளைக்கும் புத்தாக்கத்தை, நிரல்வழி இயங்குவது என்பதற்காகவே தள்ளலாகாது என்றது தில்லி உயர்நயன்மன்றம்.

அமெரிக்க உச்சநயன்மன்றமும் இத்தகைய கோட்டையே தேடியது. 1972இல் பென்சன் வழக்கில், எண்முறை மாற்றும் கணக்கீட்டுக்கு உரிமம் மறுத்தது. 1981இல் இரப்பரை வார்த்துப் பதப்படுத்தும் செய்முறைக்கு, அதில் கணினி பங்கேற்பினும், உரிமம் தகும் என்றது. 2014இல் ஆலிசு வழக்கில், பொதுவான எண்ணத்தைக் கணினியில் ஏற்றிய அளவானே உரிமம் கிட்டாது என்றது.

ஆகவே, விடை தெளிவு. ஒப்பிடும் ஒழுங்குக்கு மட்டும் உரிமம் இல்லை. தொடர்புவழியின் சுமையைக் குறைத்தல், அறுந்த இணைப்பினின்று பிழையின்றி மீளுதல் போன்ற நுட்பப் பயனை, எவர்க்கும் எளிதில் தோன்றாத புதுவழியால் விளைப்பின், உரிமம் கேட்க இடமுண்டு. அதனை மெய்ப்பித்தல் கேட்போர் கடன்.

வேலி தவறி நடப்படின், பெருநிறுவனம் வழக்காடித் தாங்கும். சிற்றறையில் நிரலெழுதும் இளைஞன் அஞ்சி ஒதுங்குவான். புதுக்கருவி கண்டானுக்கு அவன் பயனைத் தருக. எண்ணிக் கணக்கிடும் அறிவை எவர்க்கும் எழுதிக் கொடுத்துவிடற்க!