பலகைத் தளத்துக்கு எண்ணெய் பூசுதல்



மலைநாட்டுத் தோட்டப் பங்களாக்களிலும் நகரங்களிலுள்ள பழைய மாடி வீடுகளிலும் தேக்கு, முதிரை போன்ற வைர மரங்களின் பலகை பாவிய தளங்களை இன்றுங் காணலாம். அவற்றின் மினுக்கம் மங்கியதும் பலர் வார்னிசைத் தேடுகின்றனர். வார்னிசு மரத்தின்மேல் ஓர் ஆடைபோற் படிவது. வாசலருகே அது தேய்ந்துவிட்டால், அவ்விடத்தை மட்டும் ஒட்டுத் தெரியாமற் செப்பனிடுதல் அரிது. எண்ணெயோ மரத்தினுள் ஊறி அங்கேயே இறுகுவது. தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசினாற் போதும். கண்ணாடிபோன்ற பளபளப்பை விரும்புவோருக்கு இது திருப்தி தராது. மரத்தை மரமாகவே காண விரும்புவோர்க்கு இதனினுஞ் சிறந்தது வேறில்லை என்பது என் கருத்து.

வேலையில் இறங்குமுன் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஈரத்துணி காய்வதுபோல் எண்ணெய் காய்வதில்லை. நீர் ஆவியாகிப் போய்விடுகின்றது. எண்ணெய் எங்கும் போவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்றுத் தானே திண்மமாக மாறுகின்றது. இவ்வியல்பு ஆளிவிதை எண்ணெய்க்கு உண்டு, தேங்காயெண்ணெய்க்கு இல்லை. சமையலறையில் இருப்பதுதானே என்று தேங்காயெண்ணெயைப் பூசினால், தளம் பிசுபிசுத்துப் புழுதியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். நல்லெண்ணெயும் இவ்வேலைக்கு ஆகாது.

ஆளிவிதை எண்ணெயிலும், பச்சையாக உள்ளது காயப் பல நாட் செல்லும். 'காய்ச்சியது' என விற்கப்படுவதோ, விரைவில் இறுகும்பொருட்டு உலோகச் சேர்மங்கள் சிறிதளவு கலக்கப்பெற்றது. பெயரைக் கண்டு மயங்கி, பச்சையெண்ணெயை வாங்கி வீட்டடுப்பில் ஏற்றுவோரும் உளர். அது வீண் முயற்சி மட்டுமன்று, ஆபத்துமாகும்.

பூசும் முறை எளிது. பழைய பூச்சை நீக்கி, மரத்தின் இழை ஓடுந் திசையிலேயே மணற்கடதாசியால் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடுக. மழை ஓய்ந்த நாளாகப் பார்த்துச் சன்னல்களைத் திறந்து வைத்து, உள்மூலையிலிருந்து வாசலை நோக்கித் துணியாற் பூசி வருக. எண்ணெயை உறிஞ்சி மங்கிய இடங்களில் மீண்டும் சிறிது இடலாம். கால்மணி நேரத்துக்குப் பின், மேலே எஞ்சி நிற்பதை ஒரு சொட்டும் விடாது துடைத்தெடுக்க வேண்டும். வேலையின் உயிர் பூசுவதில் இல்லை, துடைப்பதிலேயே உள்ளது. துடையாது விட்டது ஒட்டும் பசையாகி நிற்கும். முந்தியது நன்கு காய்ந்த பின்னரே அடுத்த பூச்சு. இரண்டு அல்லது மூன்று போதும்.

இனி, துடைத்த துணிகள். எண்ணெய் ஒட்சிசனை ஏற்கும்போது வெப்பம் பிறக்கின்றது. விரிந்த தளத்தில் அது காற்றோடு போய்விடும். கசக்கி மூலையிற் குவித்த துணிகளிலோ வெப்பம் வெளியேற வழியில்லை. வெப்பம் ஏற ஏற மாற்றமும் விரைவுறும். நெருப்புக்குச்சியோ பொறியோ இன்றியே சில மணி நேரத்தில் அத்துணிகள் தாமாகத் தீப்பற்றக்கூடும். 1991ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆந் தேதி, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடிக் கட்டடமொன்றின் 22ஆம் மாடியில் இவ்வாறே தீ மூண்டது. சுவர்ப் பலகைகளைப் புதுப்பித்தோர் விட்டுச் சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே அதற்குக் காரணம். தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். எட்டு மாடிகள் எரிந்தபின், 30ஆம் மாடியிலிருந்த தானியங்கி நீர்த்தெளிப்பான்களே தீயைத் தடுத்து நிறுத்தின.

ஆகவே, வேலை முடிந்ததும் கைகழுவுமுன்னரே துணிகளைக் கவனியுங்கள். வீட்டுக்கு வெளியே, நிழலில், ஒன்றன்மேல் ஒன்று படாதவாறு தனித்தனியே விரித்துப் போடுங்கள். முற்றமில்லாதோர் நீர் நிறைந்த தகரப் பேணியில் அமிழ்த்தி மூடி வைக்கலாம். விரித்த துணி முற்றாகக் காய்ந்து அட்டைபோல் விறைத்த பின்னரே அதைக் குப்பையிற் சேர்க்கலாம்.