எந்த வருஷம் கல்யாணம்?



இது ஒரு தோட்டப்பள்ளி ஆசிரியர் நினைவாக நடக்கும் சொற்பொழிவு. லயத்தில் எல்லாரும் அழைத்ததைப் போல நானும் அவரை வாத்தியார் என்றே சொல்கிறேன். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்பது மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் விதியாக இருந்தது. பகலில் பிள்ளைகள் வருவார்கள் என்பதுதான் அந்தச் சட்டத்தின் கணக்கு. விளக்கு வைத்த பிறகு அப்பன்மார்கள் வந்து வாசலில் நிற்பார்கள் என்று அதை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஊருக்குக் கடிதம், மணியார்டர், "இந்தக் காகிதத்துல என்னா எழுதியிருக்கு வாத்தியாரே" என்று நீட்டப்படும் காக்கி உறை. இரவுப் பள்ளியின் பாடத்திட்டம் அதுதான்.

நான் பேசப்போகும் பொருளைக் கேட்டதும் என் மகள் சிரித்தாள். கைப்பேசியில் முகம் தெரியாதவர்களிடம் "மோட்டார் புகை கக்குது, என்ன செய்யலாம்?" என்று கேட்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்றாள். நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். என் அப்பா வாழ்நாள் முழுதும் முகம் தெரிந்தவர்களிடம் மட்டுமே யோசனை கேட்டார். அதனால் எங்கள் குடும்பம் இழந்ததை எண்ணிப் பார்த்தபோது, இதில் பேச இருக்கிறது என்று தோன்றியது.

தோட்டத்தில் எல்லாக் கேள்வியும் கடைசியில் ஒரே சன்னலில் போய் நிற்கும். ஆபீஸ் சன்னல். உள்ளே கிராணி, தோட்டத்து எழுத்தர். அவருக்கு இங்கிலீஷ் தெரியும், மலாய் தெரியும், துரையின் மனநிலை தெரியும். அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல கிராணிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் வருகைக் கணக்கான செக்ரோலில் பேர் போடுகிற கையும் பதில் சொல்கிற வாயும் ஒரே ஆளுடையவை. இன்று நீங்கள் அவரிடம் சொன்ன விஷயம் நாளைக் காலை ஆள் கூப்பிடும் பெரட்டில் அவர் நினைவில் இருக்கும். பால் வெட்ட உங்களுக்கு ஒதுக்கும் மரவரிசை சாய்வான மலைக்காட்டு நிரையா, சமதரை நிரையா என்பது அவரோ அவர் சொல் கேட்கும் மண்டோரோ தீர்மானிப்பது. ஆகவே எங்கள் ஆட்கள் ஒரு தந்திரம் பழகினார்கள். விஷயத்தைச் சொல்லாமல் விஷயம் கேட்பது. "நமக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குங்க…" என்று தொடங்குவது. அந்த ஒருத்தர் யார் என்பது கிராணிக்கும் தெரியும். ஆனால் அது யார் என்று அவர் கேட்க மாட்டார். பாதி மறைத்த கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கும்.

1957-இல் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தது. அதற்குப் பிறகு சில ஆண்டுகள் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை தானாக வந்தது. ஏற்கெனவே இங்கே இருந்தவர்களில் பலர் மனுச்செய்ய வேண்டியிருந்தது. முதல் ஓராண்டுக்குள் மனுச்செய்தவர்களில் பலருக்கு மலாய்மொழித் தேர்வுகூட இல்லை. என் அப்பா ஆபீஸ் சன்னலுக்குப் போனார். "பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தது. அப்பா இரண்டாவது முறை போகவில்லை. அந்த மாதம் கடையில் அவருக்குக் கடன் இருந்தது, அதற்கு ஜாமீன் அதே கிராணி. அவ்வளவுதான் காரணம். எந்தப் பாரம், எந்தத் தேதிக்குள் என்று ஈப்போ ஐந்தடி நடைபாதையில் தட்டச்சு இயந்திரம் வைத்திருந்த எந்த மனு எழுதுபவரும் சொல்லியிருப்பார். அப்பாவுக்கு அவரைத் தெரியாது. தெரியாதவரிடம் எப்படிப் போய்க் கேட்பது?

1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. சிவப்பு ஐ.சி., அதாவது குடியுரிமை இல்லாதவரின் அடையாள அட்டை, வைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பிப் போனதாகச் சொல்வார்கள். அதில் ஒருவர் என் சித்தப்பா. பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கினார். அவர் பிறந்தது பேராக்கில். நாகப்பட்டினத்தில் அவருக்கு ஒரு தெரு தெரியாது. அப்பா எப்படியோ சீட்டு வாங்கித் தங்கினார். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவில்லை. இதை விதி என்று என் பாட்டி சொன்னாள். எனக்கு அது ஒரு கேள்வி இரண்டாவது முறை கேட்கப்படாததன் விலையாகத்தான் தெரிகிறது.

தெரிந்தவரிடம் மட்டும் கேட்டால் என்ன குறையும்? 1973-இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். மற்றவர்களெல்லாம் எப்போதாவது, அல்லது அபூர்வமாகப் பார்க்கிறவர்கள் மூலம் வேலை பெற்றவர்கள். நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும், தள்ளி நிற்பவருக்குத்தான் வேறு சேதி தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். அதைப் படித்தபோது எனக்கு லயம் நினைவுக்கு வந்தது. இருபது கதவு, ஒரே குழாயடி. ஒரு வீட்டில் மீன் பொரித்தால் இருபது வீட்டுக்கும் தெரியும். இருபது வீட்டுக்கும் தெரியாதது ஒன்று இருந்தால், அது யாருக்கும் தெரியாது.

பிறகு தோட்டங்கள் கைமாறின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்பு வந்தது. ஜனங்கள் புந்தோங், சிலிபின், மெங்லெம்பு, தாசேக் என்று அடுக்குமாடிகளிலும் மலிவு வீடுகளிலும் சிதறினார்கள். பெரட்டுச் சத்தம் இல்லை, கிராணியும் இல்லை. ஆனால் ஒரு சன்னல் இருந்த இடத்தில் பத்துச் சன்னல் முளைத்தது. பதிவிலாகா, சேமநிதி வாரியம், தொழிலாளர் சமூகக் காப்புறுதியான சொக்சோ, மாநகர் மன்றம், தண்ணீர், மின்சாரம். எல்லாவற்றுக்கும் பாரம், எல்லாம் மலாயில், இப்போது பாதி கைப்பேசியில்.

இப்போது இரவு பத்து மணிக்குச் சாப்பாடு முடிந்து, சீரியலும் முடிந்து, நம் ஆட்கள் கைப்பேசியில் முகம் தெரியாதவர்களிடம் கேட்கத் தொடங்குகிறார்கள். நான் ஓய்வுபெற்றவன், தூக்கம் குறைவு. பார்த்துக்கொண்டிருப்பேன், தெரிந்தால் பதில் எழுதுவேன். அப்படிப் பார்த்த ஒன்றை, ஆளைக் கண்டுகொள்ள முடியாதபடி மாற்றிச் சொல்கிறேன்.

ஓர் அம்மா. புருஷன் இறந்துவிட்டார். சொக்சோவில் வாரிசு ஓய்வூதியம் கேட்கப் போனால் திருமணப் பத்திரம் கேட்கிறார்கள். இவருக்குக் கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. பதிவு இல்லை. மகன் கேள்வி எழுதியிருந்தான். "கோயில் கல்யாணம் செல்லுமா?" மூன்றே சொல்.

மடமடவென்று பதில்கள். செல்லாது. செல்லும், எங்கள் அத்தைக்குக் கொடுத்தார்கள். வக்கீல் வை. கட்சி ஆபீசுக்குப் போ. பதிவு செய்யாமல் ஏன் கல்யாணம் செய்தீர்கள் என்று ஒரு புண்ணியவான் உபதேசம். முப்பது பதிலுக்குக் கீழே யாரோ ஒருவர், படம்கூட வைக்காத ஆள், பதிலே சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "எந்த வருஷம் கல்யாணம்?"

1981 என்று மகன் எழுதினான். அங்கே விஷயம் திரும்பியது. நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்துக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1 அன்று. அதற்கு முன் சமய வழக்கப்படி முறையாக நடந்து, அன்றும் நிலைத்திருந்த கல்யாணம் பதிவானதாகவே கருதப்படும். அதற்குப் பிறகு நடந்ததென்றால், கோயிலில் ஆயிரம் பேர் அட்சதை போட்டிருந்தாலும் பதிவு இல்லாமல் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் இல்லை. அதன் சுமை பிள்ளைகள் தலையிலும் விழும். அப்படிப்பட்ட பிள்ளையின் குடியுரிமை தாயைப் பார்த்துத்தான் தீர்மானமாகும். தாய்க்கே பத்திரம் இல்லையென்றால் அந்தப் பிள்ளை பள்ளி வாசலில் நிற்கும். ஒரே கோயில், ஒரே ஐயர், ஒரே மஞ்சள் கயிறு. ஆனால் 1981-க்கு ஒரு பதில், 1983-க்கு நேர்மாறான பதில். முப்பது பேரும் அந்த ஆண்டைக் கேட்காமலே பதில் சொல்லியிருந்தார்கள். "செல்லும்" என்று சொன்னவரும் தற்செயலாகத்தான் சரி.

அந்த மகன் ஆண்டை ஏன் முதலிலேயே எழுதவில்லை? எனக்குப் புரிந்தது. பதிவில்லாத கல்யாணம் என்பது வீட்டுக் குறை. குறையைச் சுருக்கித்தானே சொல்வோம்? ஆபீஸ் சன்னலில் நின்று பழகிய அதே பழக்கம், இரண்டு தலைமுறை தாண்டி, பேரன் கையில் கைப்பேசியாக இருக்கிறது. அந்தச் சன்னலில் மறைத்ததற்கு அர்த்தம் இருந்தது. மறைக்காவிட்டால் நிரை போகும். முகமில்லாத ஆளிடம் மறைத்து என்ன லாபம்? அவருக்கு உங்கள் பேரே தெரியாது. அவர் நாளைக்கு உங்களுக்கு எந்தக் காட்டையும் ஒதுக்கப் போவதில்லை. அந்நியரிடம் கேட்பதில் இருக்கும் ஒரே பெரிய வசதி அதுதான். அதைத்தான் நாம் பயன்படுத்தாமல் விடுகிறோம்.

இந்த வசதியை மனிதர்கள் கண்டுகொண்டு வெகுகாலமாகிறது. 1691-இல் லண்டனில் ஜான் டண்டன் என்ற புத்தக வியாபாரி, பேர் போடாமல் யாரும் கேள்வி அனுப்பலாம் என்று ஓர் இதழ் நடத்தினார். கேள்விகள் ஒரு காப்பிக் கடைக்கு வந்து சேரும். பதில் எழுதுவது பெரிய அறிஞர் கூட்டம் என்று வாசகர்களை நம்பவைத்திருந்தார்கள். உண்மையில் டண்டனும் அவரைச் சேர்ந்த இரண்டு மூன்று பேரும்தான். பதில் சொல்கிறவர் தம்மைப் பற்றிச் சொல்வதை அப்போதே முழுசாக நம்ப முடியாது என்பதற்காக இதைச் சொன்னேன்; மேலே போகிறேன்.

என் சொந்த அனுபவம் ஒன்று. என் அடுக்குமாடி வீட்டின் குளியலறைக் கூரையில் தண்ணீர் சொட்டியது. மேல்மாடிக்காரர் நல்ல மனிதர், ஆனால் "நம்ம வீட்டு தண்ணி இல்லலா" என்றார். நிர்வாக ஆபீஸில் "நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க." நானும் இரவு பத்து மணிக்குக் கேட்டேன். பூச்சுப் பூசச் சொன்னார்கள். வாஸ்து சொன்னார்கள். ஒருவர் மட்டும் கேட்டார்: மழை பெய்யும்போது சொட்டுகிறதா, மேலே குளிக்கும்போதா? எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கவனி, கவனி என்று சொல்லிக்கொடுத்தவன், என் தலைமேல் சொட்டியதைக் கவனிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் மூன்று நாள் மணி குறித்தேன். காலை ஆறரை, மாலை ஏழு. மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதன் பிறகுதான் அவர் சட்டம் சொன்னார். 2015-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின்படி, கசிவு என்று எழுத்து மூலம் தெரிவித்தால் நிர்வாகம் ஏழு நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். பார்த்து முடித்து ஐந்து நாளுக்குள் காரணத்தைப் பாரம் 28-இல் எழுதிக் கொடுக்க வேண்டும். "பாரம் 28" என்ற இரண்டு சொல்லை நான் ஆபீஸில் உச்சரித்த அன்று நாற்காலி போட்டார்கள். அந்த மனிதர் ஜொகூரா, சிரம்பானா, எனக்குத் தெரியாது. அவர் ஆணா என்பதுகூட ஊகம்தான்.

கெட்டதையும் சொல்ல வேண்டும். டெங்கிக்குப் பப்பாளி இலைச்சாறு போதும், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று எழுதுகிறவரிடம் எனக்குப் பொறுமை இல்லை. அங்கே மட்டும் நான் சண்டை போடுவேன். அதைவிட மோசம், கேள்வி போட்ட பத்தாவது நிமிடம் தனியாக வந்து "அண்ணே, நான் உதவுறேன்" என்கிற ஆள். சேமநிதிப் பணத்தைச் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன் என்பார். ஐ.சி. படம் கேட்பார், பிறகு கைப்பேசிக்கு வந்த எண்ணைக் கேட்பார். எல்லார் முன்னாலும் சொன்னது தப்பென்றால் நாலு பேர் திருத்துவார்கள். தனியே சொன்னதைத் திருத்த யார் இருக்கிறார்கள்? அவர் உண்மையில் பழைய சன்னலைத் திரும்பக் கட்டுகிறார். நீங்களும் அவரும் மட்டும், நடுவில் உங்கள் ரகசியம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு விடியும்வரை உட்காராமல் உடனே 997-ஐக் கூப்பிடுங்கள். மோசடிப் புகாருக்கென்றே 2022-இல் தொடங்கப்பட்ட எண். பணம் கணக்கு மாறி மாறி ஓடுவதற்கு முன் பிடிக்க வேண்டும். இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

வாத்தியாரிடம் வருகிறேன். அவர் கடிதம் எழுதித் தரும்போது உடனே பேனாவை எடுக்க மாட்டாராம். "யாருக்கு? அவங்க கடைசியா என்ன எழுதினாங்க? பணம் போன மாசம் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். வந்தவர்கள் அலுத்துக்கொள்வார்களாம். இதை அவர் மகள் என்னிடம் சொன்னார். அப்பா எழுதிய நேரத்தைவிடக் கேட்ட நேரம் அதிகம் என்று. கிராணிக்கும் எழுத்து தெரியும், வாத்தியாருக்கும் தெரியும். ஜனங்கள் இருட்டிய பிறகு எந்த வாசலுக்குப் போனார்கள் என்பதற்கு அதில் காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நேற்று இரவு ஒரு பெண் எழுதியிருந்தாள். "அம்மாவுக்கு இன்னும் சிவப்பு ஐ.சி. மாத்த முடியுமா?" என் அப்பாவின் கேள்வி, அறுபத்தெட்டு ஆண்டு கழித்து, வேறொரு வீட்டிலிருந்து. வழக்கம்போல அதற்குக் கீழே ஏழெட்டுப் பதில். முடியும், முடியாது, அந்த மந்திரியைப் பார். நான் கேட்டேன்: அம்மா எந்த வருஷம் பிறந்தார்கள்? எந்தத் தோட்டம்? தாத்தாவிடம் ஏதாவது காகிதம் இருந்ததா? பழைய சூராட் பெரானாக் என்கிற பிறப்புப் பத்திரம், தோட்டத்துப் பள்ளிச் சான்றிதழ், எதுவானாலும் சரி.

தோட்டத்தின் பேரை மட்டும் எழுதினாள். சுங்கை சிப்புட் பக்கம், எனக்குத் தெரிந்த தோட்டம். இப்போது அங்கே செம்பனை. காகிதம் பற்றி அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இங்கே மேடையேறும் வரை பதில் வரவில்லை. வீட்டுக்குப் போனதும் பார்க்க வேண்டும்.